அசெம்பிள் செய்த புதிய கணினியில் லினக்ஸ் நிறுவல் பாதியில் நின்றால்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். ரைசன் 5 7600 செயலி, பி650 மதர்போர்டு, 6000 வேகம் என்று அச்சிட்ட 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, ஒரு டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டி ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கி நீங்களே அசெம்பிள் செய்திருக்கிறீர்கள். லினக்ஸ் மின்ட் 22.2 நிறுவும்போது ஒருமுறை கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் 5-ஆம் எண் பிழையைக் காட்டி நின்றது. மறுமுறை அதைத் தாண்டிப் போய்த் திரை உறைந்தது. உபுண்டுவுக்கு மாறினீர்கள், அங்கே ஒரு பொதி (நிறுவ வேண்டிய மென்பொருள் தொகுப்பு) சிதைந்திருப்பதாகச் செய்தி வந்தது. ஃபெடோரா நிறுவல் முடிந்தது, ஆனால் முதல் முறை உள்ளே நுழைந்ததும் திறந்த நிரல்கள் தாமாக மூடிக்கொண்டன. கடைக்காரரோ விண்டோஸ் நிறுவிக் காட்டி, பாகங்களில் குறையேதும் இல்லை என்று சொல்லிவிட்டார். இந்த மதர்போர்டுக்கு லினக்ஸ் ஒத்துவராதா என்பது உங்கள் ஐயம்.

ஒத்துவரும். பி650 வகைப் பலகைகள் 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சந்தையில் இருக்கின்றன. நீங்கள் முயன்ற மின்ட், உபுண்டு, ஃபெடோரா ஆகிய மூன்று லினக்ஸ் வழங்கல்களின் கர்னல்களும் (வன்பொருளைக் கையாளும் மையப்பகுதி) அவற்றை நன்கு அறிந்தவை. நீங்கள் எழுதியவற்றில் எனக்கு முக்கியமாகப்பட்டது பிழைச் செய்தி எதுவும் அல்ல. ஒவ்வொரு முறையும் பிழை வேறு வேறு இடத்தில் வந்தது என்பதுதான். மென்பொருளில் உள்ள குறை பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே விதமாக வெளிப்படும். இயக்கி (டிரைவர்) இல்லாத கிராஃபிக்ஸ் கார்டு பத்து முறை முயன்றாலும் பத்து முறையும் அதே கட்டத்தில் கறுப்புத் திரையைத்தான் தரும். இடம் மாறி மாறி வரும் பிழை, அதிலும் வழங்கலை மாற்றிய பிறகும் தொடரும் பிழை, வன்பொருளையே காட்டுகிறது. அந்த வன்பொருளுக்குள்ளும் என் முதல் ஐயம் ரேம் மீதும், அது ஓடுகிற வேகத்தின் மீதும்தான்.

விண்டோஸ் ஓடுகிறதே என்ற கடைக்காரரின் வாதத்துக்குப் பதில் தேவை. லினக்ஸ் நிறுவல் கோப்பின் உள்ளே இருப்பது, சில ஜிபி அளவுக்கு இறுக்கிச் சுருக்கப்பட்ட பெரிய கோப்பு முறைமை. மின்ட், உபுண்டு போன்றவற்றில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்பது அதன் பெயர். நிறுவி அதனைத் துண்டு துண்டாகப் படித்து, ரேமில் விரித்து, எஸ்எஸ்டியில் எழுதுகிறது. சுருக்காத ஒரு படத்தில் ஒரு பிட் மாறினால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. சுருக்கிய தரவில் ஒரு பிட் மாறினால் அந்தத் துண்டு முழுவதும் விரிக்க முடியாததாகிவிடும். விரிக்கும் நிரல் உடனே கண்டுபிடித்து நிறுத்திவிடும். டெபியன், உபுண்டு வழிவந்த பொதிகளும் எக்ஸ்இசட் அல்லது இசட்எஸ்டி முறையில் சுருக்கப்பட்டவையே ஆதலால், 'பொதி சிதைந்திருக்கிறது' என்று உபுண்டு சொன்னபோது சிதைந்தது இணையத்திலிருந்த பொதியாக இல்லாமல், உங்கள் ரேமில் வந்து விழுந்த அதன் பிரதியாக இருந்திருக்கக்கூடும். விண்டோஸும் இத்தகைய பிழைகளுக்கு ஆளாவதுதான். ஆனால் நிறுவி முடித்து முகப்புத் திரையைக் காட்டும் அரைமணி நேரம் ஒரு கணினிக்கு நற்சான்றாகாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ரேமுக்குப் பொருந்தாது. 32 ஜிபியில் கெட்டிருப்பது ஒரேயொரு இடமாக இருக்கலாம், அந்த இடம் அன்றைக்குப் பயன்பாட்டுக்கு வராமலே போயிருக்கலாம்.

ரேமைத் தொடுவதற்கு முன், பென்டிரைவைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். அது பதினைந்து நிமிட வேலை. பதிவிறக்கிய ஐஎஸ்ஓ என்னும் நிறுவல் கோப்பின் எஸ்எச்ஏ256 கூட்டெண்ணை (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) வழங்கலின் தளத்தில் கொடுத்திருப்பதுடன் ஒப்பிடுங்கள். இந்தச் சோதனையைப் புதிய கணினியில் செய்யாமல், நம்பகமாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கணினியில் செய்ய வேண்டும். ஐயத்துக்குரிய ரேமைக் கொண்டு கூட்டெண் பார்ப்பதில் பொருளில்லை. பென்டிரைவில் எழுதுவதும் அந்தக் கணினியிலேயே நடக்கட்டும். எழுதியதைச் சரிபார்க்கும் வசதி நிறுவியிலேயே இருக்கிறது: ஃபெடோராவின் முதல் பட்டியலில் ஊடகத்தைச் சோதித்து நிறுவும் தேர்வு உண்டு, மின்டிலும் நேர்மைச் சோதனை உண்டு, உபுண்டு 20.04 முதல் ஒவ்வொரு துவக்கத்திலும் தானாகவே சோதிக்கிறது. மலிவு விலைப் பென்டிரைவ்களில் 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டுமே வைத்திருக்கும் போலிகள் உலவுகின்றன. எஃப்3 என்னும் சிறு கருவி எழுதிப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பி துளையைத் தவிர்த்து, பின்புறம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளைகள் நீண்ட கேபிள் வழியாக வருபவை. அசெம்பிள் செய்யும்போது அந்த கேபிள் சரியாக அமராமல் இருப்பது அடிக்கடி நடப்பது.

மின்ட் நிறுவி காட்டும் 5-ஆம் எண் பிழை பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குறுந்தகட்டைத் துடைத்துப் பாருங்கள், கணினியைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள் என்றெல்லாம் அந்தச் செய்தி அறிவுரை கூறும். குறுந்தகடு இல்லாத காலத்தில் அது நகைப்புக்குரியதாகத் தோன்றினாலும், அதன் சாரம் சரியானதே: படிக்க முயன்ற இடத்திலிருந்தோ எழுத முயன்ற இடத்திலிருந்தோ தரவு ஒழுங்காக வரவில்லை என்பதற்கு மேல் நிறுவிக்கு எதுவும் தெரியாது. மூலம் பென்டிரைவா, ரேமா, எஸ்எஸ்டியா என்று பிரித்தறிவது நம் பொறுப்பு.

இனி ரேமுக்கு வருவோம். உங்கள் ரேமின் மீது 6000 என்று அச்சிட்டிருப்பது அதன் இயல்பு வேகம் அன்று. பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதும், இந்த வகை ரேம்கள் பெரும்பாலும் ஜெடெக் அமைப்பின் பொதுத் தரநிலையின்படி 4800-இல் ஓடும். பயாஸுக்குள் (கணினியை எழுப்பும், மதர்போர்டிலேயே உள்ள நிரல்) சென்று எக்ஸ்போ என்னும் அமைப்பை இயக்கினால்தான் 6000 கிடைக்கும். இன்டெல் பலகைகளில் இதற்கு எக்ஸ்எம்பி என்று பெயர். எக்ஸ்போவும் எக்ஸ்எம்பியும் ஒரு சொடுக்கில் செய்துவிடக்கூடிய ஓவர்கிளாக்கிங்தான், அதாவது உறுதியளித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான். ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேம்களுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிக்கும் வேகம் 5200. நான்கு செருகினால் அது 3600 ஆகக் குறைகிறது. அதற்கு மேல் ஓடுவது செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தியின் தரத்தையும், பலகையையும், பயாஸ் பதிப்பையும் பொறுத்தது. பெரும்பாலானோர்க்கு 6000 எந்தத் தொல்லையும் தராமல் ஓடுகிறது என்பது உண்மை. உங்களுக்கும் ஓடும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

ஆகவே முதல் வேலையாகப் பயாஸில் எல்லாவற்றையும் ஆலை அமைப்புக்குத் திருப்பி, எக்ஸ்போவை அணைத்துவிடுங்கள். செயலியின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் போன்றவற்றைத் தொட்டிருந்தால் அவையும் பழைய நிலைக்குப் போகட்டும். மாற்றத்துக்குப் பிறகு முதல் துவக்கத்தில் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருந்தால் அஞ்ச வேண்டாம், மின்சாரத்தையும் நிறுத்த வேண்டாம். டிடிஆர்5 பலகைகள், அதிலும் உங்களுடையதைப் போல ரைசன் 7000 செயலிகளை ஏற்கும் ஏஎம்5 பலகைகள், ஒவ்வொரு ரேமின் மின்சமிக்ஞைக்கும் தம்மைப் பொருத்திக்கொள்ள நேரம் எடுத்துக்கொள்ளும்; அந்த நேரத்தில் பலகையின் ஓரத்தில் ரேமைக் குறிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கணினி செத்துவிட்டது என்று எண்ணி அந்தப் பொருத்தலை நடுவில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்து மெம்டெஸ்ட்86+ என்னும் கட்டற்ற மென்பொருளை வேறொரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்புக்கு முந்தையவை யூஇஎஃப்ஐ முறையில் (இன்றைய பலகைகளின் புதிய துவக்க முறை) இயங்கா. புதிய பதிப்பையே எடுங்கள். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் அதனைத் தடுத்தால், சோதனை முடியும் வரை அதை அணைத்துவையுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் எழுந்துவிடாமல் ஓரிரவு ஓட விடுவது நல்லது, ஏனெனில் ரேம் சூடேறிய பிறகே வெளிப்படும் பிழைகள் உண்டு. ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. ஒரு பிழை வந்தாலும் அந்த நிலையில் அந்த ரேம் தேறவில்லை என்றே கொள்ள வேண்டும். டிடிஆர்5-இல் பிழைதிருத்தம் உள்ளேயே இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது சில்லுக்குள் நேரும் பிழையை மட்டும் திருத்துவது. ரேமுக்கும் செயலிக்கும் இடையிலுள்ள பாதையில் நேரும் பிழையை அது பார்ப்பதே இல்லை. வேகம் தாங்காமல் வரும் பிழைகள் அந்தப் பாதையில்தான் பெரும்பாலும் பிறக்கின்றன.

சோதனையின் முடிவைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். எக்ஸ்போ இருந்தால் பிழை வருகிறது, அணைத்தால் வரவில்லை என்றால் ரேம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து அண்மைப் பயாஸை எடுத்து ஏற்றிவிட்டு மீண்டும் எக்ஸ்போவை இயக்கிச் சோதியுங்கள். ஏஎம்5-இன் தொடக்கக் காலப் பயாஸ்களைவிடப் பிந்தையவை ரேமை வெகுவாக நன்றாகக் கையாளுகின்றன. அப்போதும் பிழை தொடர்ந்தால், 5600-க்குக் குறைத்து ஓட்டுவதில் அன்றாடப் பயன்பாட்டில் நீங்கள் உணரக்கூடிய இழப்பு ஏதும் இல்லை. எக்ஸ்போ இல்லாமலேயே பிழை வந்தால் நிலைமை வேறு. அப்போது ஒரு ரேமை மட்டும், செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஏ2 துளையில் செருகிச் சோதியுங்கள். பின்னர் அதே துளையில் மற்றதை வைத்துச் சோதியுங்கள். ஒன்று மட்டும் தோற்றால் அந்த ரேம் பழுது. இரண்டுமே தேறி, இரண்டையும் சேர்த்து ஏ2, பி2 துளைகளில் வைத்தால் மட்டும் தோற்றால், பி2 துளையையும் செயலியின் இருக்கையையும் பார்க்க வேண்டும். ஏஎம்5-இல் ஊசிகள் செயலியில் இல்லை, பலகையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வளைந்திருந்தாலோ, கூலரின் திருகுகளை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கியிருந்தாலோ ஒரு ரேம் தடம் முழுதுமே தடுமாறும். கூலரைக் கழற்றி, நான்கு திருகுகளையும் மூலைவிட்டமாகச் சிறிது சிறிதாக முறுக்கிப் பொருத்தியதும் காணாமற்போன ரேம் திரும்பி வருவது அதிசயம் அன்று.

இதையெல்லாம் முடித்துச் சரிசெய்த பிறகு, இப்போது உங்கள் எஸ்எஸ்டியில் இருக்கும் ஃபெடோராவை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். பழுதான ரேம் வழியாக எழுதப்பட்ட ஒரு நிறுவலில் எந்தக் கோப்பு எங்கே பிசகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எஸ்எஸ்டியின் பகிர்வு அட்டவணையையே (பார்ட்டிஷன் டேபிள்) அழித்துப் புதிதாகத் தொடங்குவதுதான் முறை.

ரேம் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஐயம் செயலி, வெப்பம், மின்சாரம் ஆகிய மூன்றின் மீதும் விழும். இந்த விடையைப் படிக்கும் வேறு சிலர் 13 அல்லது 14-ஆம் தலைமுறை இன்டெல் மேசைக்கணினிச் செயலி வைத்திருக்கக்கூடும் என்பதால் ஒன்றைப் பதிவு செய்கிறேன். அந்த இரு தலைமுறைகளிலும் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள செயலிகள் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் மெல்ல மெல்ல நிலைகுலைவதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, அவ்வாண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்திய மைக்ரோகோடுகளை (பயாஸ் வழியாகச் செயலிக்குள் ஏறும் உள்நிரல்) வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அக்குறையின் முதல் அடையாளங்களில் ஒன்று, சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போது பிழை வருவதுதான். ஆகவே அத்தகைய செயலியில் நிறுவி திணறினால் ரேமோடு நின்றுவிடாமல் பயாஸைப் புதுப்பிப்பது கட்டாயம். ஆனால் ஏற்கெனவே சேதமடைந்த செயலியை மைக்ரோகோடு குணப்படுத்தாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். உங்கள் ரைசனுக்கு இந்தக் கதை பொருந்தாது. அதற்குப் பதிலாகக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா, விசிறியின் கேபிள் செயலிக்குரிய முனையில்தான் இருக்கிறதா, பலகையின் மேல் மூலையிலுள்ள எட்டு ஊசி மின்கேபிள் இறுதிவரை அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுவலின் நடுவில் கணினி உறையாமல் சட்டென்று அணைந்தே போனால், ரேமைவிட வெப்பத்தையும், மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

திரை உறைந்தது என்று நீங்கள் எழுதியதில் இரண்டு பொருள் இருக்கக்கூடும். கணினியே உறைந்ததா, காட்சி மட்டும் நின்றதா என்று பிரித்தறியக் கீபோர்டின் கேப்ஸ்லாக் விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால் கர்னல் உயிரோடிருக்கிறது, காட்சிதான் போய்விட்டது. மாறவே இல்லை என்றால் கணினி முழுவதும் நின்றுவிட்டது. காட்சி மட்டும் போன நிலையில் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் எஃப்2 அல்லது எஃப்3 விசையை அழுத்தினால் பெரும்பாலும் உரைமுனையம் ஒன்று கிடைக்கும்.

காட்சிக் கோளாறு தனியான ஒரு நோய். அதனை மேற்கண்டவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்கள் 7600 செயலியிலேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் மானிட்டரை மதர்போர்டின் துளையில் செருகி நிறுவுவது சாலச் சிறந்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதனைக் கழற்றிவைத்துவிட்டு நிறுவி, முடிந்த பின் செருகலாம். 'எஃப்' என்று முடியும் செயலிகளை வாங்கியவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் மானிட்டரைக் கார்டில்தான் செருக வேண்டும். புதிய கார்டு, பழைய கர்னல் என்ற சேர்க்கையே கறுப்புத் திரைக்கு முதன்மையான காரணம். எடுத்துக்காட்டாக, 2025 மார்ச்சில் வந்த ஆர்எக்ஸ் 9070 கார்டை உபுண்டு 24.04-இன் முதல் வெளியீட்டிலிருந்த 6.8 கர்னலுக்குத் தெரியாது, அதே 24.04-இன் மூன்றாம் திருத்த வெளியீடும், மின்ட் 22.2-உம் 6.14 கர்னலோடு வருகின்றன. நீண்டகால ஆதரவு வெளியீடு நிலையானது என்பது உண்மைதான், ஆனால் கடையிலிருந்து நேற்று வந்த பாகங்களுக்கு அது எப்போதும் நல்ல தேர்வு அன்று என்பது என் கருத்து. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு 570 அல்லது அதற்குப் பிந்தைய இயக்கி வேண்டும், அதிலும் திறந்த கர்னல் கூறுகளைக் கொண்ட வகைதான் வேண்டும். பழைய மூடிய வகை அந்தக் கார்டுகளை ஏற்பதே இல்லை. அது வரை சமாளிக்க, முதல் பட்டியலில் பாதுகாப்பான கிராஃபிக்ஸ் அல்லது இணக்க முறை என்ற தேர்வைப் பயன்படுத்தலாம். அது முக்கியமாகச் செய்வது, கார்டின் முழு இயக்கியைத் தவிர்த்து எளிய காட்சியோடு துவங்கச் சொல்லும் நோமோட்செட் என்ற குறிப்பைக் கர்னலுக்குக் கொடுப்பதுதான். நிறுவுவதற்கான ஊன்றுகோலாக மட்டும் அதைக் கொள்ளுங்கள். நிரந்தரமாக வைத்துக்கொண்டால் கார்டு வாங்கிய காசு வீண்.

எஸ்எஸ்டியே நிறுவியின் பட்டியலில் தெரியவில்லை என்பது வேறு பலர் கேட்கும் கேள்வி. பயாஸிலும் தெரியவில்லையென்றால் எஸ்எஸ்டி துளையில் முழுமையாக அமரவில்லை, அல்லது சாட்டா வகை எம்.2-ஐ என்விஎம்இ மட்டும் ஏற்கும் துளையில் செருகியிருக்கிறீர்கள். பயாஸில் தெரிந்து நிறுவியில் தெரியவில்லையென்றால், பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் பலகைகளில் அது விஎம்டி என்ற பெயரில் ஒளிந்திருக்கும். ஒற்றை எஸ்எஸ்டிக்கு ரெய்டு எதற்கும் பயன்படாது, அணைத்துவிடலாம். ஆனால் அதே அமைப்பில் விண்டோஸ் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால், அணைத்ததும் விண்டோஸ் எழாமல் போகும் என்பதை நினைவில் வையுங்கள். சில என்விஎம்இ எஸ்எஸ்டிகள் ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைக்குப் போய்விட்டுத் திரும்ப எழாமல், நிறுவலின் நடுவில் காணாமற்போய்விடும். கர்னல் பதிவில் என்விஎம்இ கட்டுப்படுத்தி பதிலளிக்கவில்லை என்ற வரி இருந்தால் அதுதான் காரணம். அந்த எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரை (அதனுள்ளேயே இருக்கும் நிரல்) புதுப்பிப்பதும், அந்த மின்சேமிப்பைக் கர்னல் குறிப்பு மூலம் அணைப்பதும் தீர்வுகள்.

நிறுவல் நூறு சதவீதத்தை நெருங்கி, துவக்கியை (இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரல்) எழுதும் கட்டத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்குமானால் அது வன்பொருள் பழுது அன்று. பென்டிரைவ் எந்த முறையில் துவங்கியது என்ற கேள்வி. பயாஸின் துவக்கப் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரிகளாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய முறையில் துவங்கிவிட்டால் நிறுவியும் பழைய முறைத் துவக்கியையே எழுத முயலும், ஜிபிடி என்னும் புதிய வகைப் பகிர்வு அட்டவணையிலோ அதற்கான இடம் இருக்காது. பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும் லைவ் அமர்வில் முனையத்தை (டெர்மினல்) திறந்து, சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர் அடைவில் ஈஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று பார்த்தால் எந்த முறை என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்: இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லையென்றால் பழைய முறை. பழைய முறைத் துவக்கத்தை அனுமதிக்கும் சிஎஸ்எம் என்ற தேர்வைப் பயாஸில் அணைத்துவிட்டால் இந்தக் குழப்பமே எழாது. பகிர்வுகளை நீங்களே பிரிப்பதாயின் துவக்கியை வைக்க ஃபேட்32 வடிவில் ஒரு ஈஎஃப்ஐ பகிர்வு கட்டாயம். 512 எம்பி அல்லது ஒரு ஜிபி ஒதுக்குங்கள். கணினியில் வேறு வட்டுகள் இருந்தால் நிறுவும்போது அவற்றைக் கழற்றிவையுங்கள். உபுண்டுவின் பழைய நிறுவி, மின்ட் 22 வரிசை பயன்படுத்துவதும் அதுவே, நீங்கள் வேறு வட்டைச் சுட்டிக்காட்டினாலும் முதல் வட்டின் ஈஎஃப்ஐ பகிர்வில் துவக்கியை எழுதிவிடும் பழக்கமுடையது.

வெற்றிகரமாக நிறுவியும் துவக்கச் சாதனம் இல்லை என்று பலகை சொன்னால், பெரும்பாலும் பயாஸின் துவக்க வரிசையில் லினக்ஸின் பெயர் பதிவாகவில்லை, அல்லது பயாஸைப் புதுப்பித்தபோது அழிந்துவிட்டது. லைவ் அமர்விலிருந்து ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கருவியால் அதைத் திரும்பச் சேர்க்கலாம். செக்யூர் பூட் பற்றி அளவுக்கு மீறிய அச்சம் நிலவுகிறது. உபுண்டு, ஃபெடோரா, மின்ட், டெபியன் ஆகியவற்றின் துவக்கிகள் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்னும் சிறு நிரல் வழியாக வருவதால் அதை அணைக்காமலேயே நிறுவலாம். என்விடியா இயக்கியைச் சேர்க்கும்போது நிறுவி ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். அடுத்த துவக்கத்தில் வரும் நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்துச் சாவியைப் பதிய வேண்டும். பலர் அந்தத் திரையைப் பிழை என்று எண்ணித் தாண்டிவிடுகிறார்கள், பிறகு இயக்கி இயங்கவில்லை என்று வருந்துகிறார்கள்.

வைஃபை தெரியாதது நிறுவலைத் தடுக்காது. போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் போட்டால் எந்த இயக்கியும் இல்லாமல் இணையம் கிடைத்துவிடும். அதைக் கொண்டு கர்னலையும் ஃபர்ம்வேர்ப் பொதியையும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

எந்த நிலையிலும் அடுத்த முயற்சிக்கு முன் சான்றைச் சேர்த்துவையுங்கள். துவக்கப் பட்டியலில் ஈ விசையை அழுத்தினால் கர்னலுக்கான வரி திருத்தத்துக்குத் திறக்கும்; அதிலுள்ள கொயட், ஸ்பிளாஷ் என்ற இரு சொற்களை நீக்கிவிட்டு எஃப்10 அழுத்தினால் அழகிய முத்திரைக்குப் பதிலாகக் கர்னலின் செய்திகள் வரிவரியாக ஓடும். நின்ற இடத்தைப் போனில் படமெடுங்கள். நிறுவி பிழை காட்டி நின்று லைவ் அமர்வு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், மறுதுவக்கம் செய்துவிடாமல் முனையத்தில் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையைக் கொடுத்து அதன் வெளியீட்டை வேறொரு பென்டிரைவில் சேமியுங்கள். லைவ் அமர்வின் பதிவுகள் ரேமில்தான் இருக்கின்றன, அணைத்தால் போய்விடும். அதில் ஸ்குவாஷ்எஃப்எஸ் விரிப்புப் பிழை இருந்து, யூஎஸ்பி பற்றிய குறை ஏதும் அருகில் இல்லையென்றால் ரேம் அல்லது செயலி. யூஎஸ்பி சாதனம் துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைந்ததாக வரிகள் இருந்தால் பென்டிரைவ் அல்லது துளை. என்விஎம்இ என்ற பெயரோடு உள்ளீடு வெளியீட்டுப் பிழை இருந்தால் எஸ்எஸ்டி. எம்சிஇ என்று தொடங்கி வன்பொருள் பிழை என்று சொல்லும் வரி இருந்தால், செயலியே தன் குறையை முறையிடுகிறது என்று பொருள்.

கடைக்குத் திரும்பப் போகும்போது லினக்ஸ் ஏறவில்லை என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லோடு உரையாடல் முடிந்துவிடும். எக்ஸ்போ அணைந்த நிலையில் மெம்டெஸ்ட் காட்டிய சிவப்பு வரிகளின் படத்தையும், ஒற்றை ரேமாக வைத்துச் சோதித்ததில் எது தோற்றது என்பதையும், அதன் தொடர் எண்ணையும் காட்டுங்கள். இயங்குதளம் எதுவும் ஓடாத நிலையில் எடுத்த சோதனை ஆதலால் லினக்ஸின் மீது பழிபோட இடமில்லை. இரண்டு ரேமையும் ஒன்றாகவே திருப்பிக் கொடுங்கள். இணையாக விற்கப்பட்டவற்றை இணையாகவே மாற்றித் தரக் கேட்பதுதான் முறை, தனியாக வேறொன்றைச் சேர்த்தால் புதிய தலைவலி தொடங்கும்.

ஓரிரவு மெம்டெஸ்ட் ஒரு பிழையும் காட்டாமல் முடிந்து, அதன் பின்னும் எக்ஸ்போ இல்லாத நிலையில் நிறுவல் இடம் மாறி மாறி நின்றால், டிமெஸ்க் வெளியீட்டையும், பயாஸ் பதிப்பு எண்ணையும், எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் அளவையும் எழுதி அனுப்புங்கள். அங்கிருந்து எஸ்எஸ்டியை முதலில் பார்ப்பதா, மின்சாரத்தை முதலில் பார்ப்பதா என்று தீர்மானிக்கலாம்.